‘இழுக்குது’ என்கிற ஒற்றைச் சொல்

பழைய லாரி ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் நடைக் காசில் வீட்டையும் வட்டியையும் ஓட்டிக்கொண்டிருக்கும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து உரிமையாளர்களுக்கும், அந்த வண்டிகளின் ஓட்டுநர்களுக்கும், கிளீனர் தம்பிகளுக்கும்,



நாமக்கல்லில் ஒரு பட்டறை. காலை எட்டு மணி. பத்துச் சக்கர டாரஸ் ஒன்று உள்ளே வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிய வேகத்தில் சொன்னார்: “மேஸ்திரி, வண்டி இடது பக்கம் இழுக்குது.” அந்த ஒரு சொல்லுக்காக அவர் அதுவரை மூன்று ஊர்களில் காசு கொடுத்திருந்தார். ஓர் ஊரில் டை ராடு எண்ட் இரண்டையும் மாற்றினார்கள். அடுத்த ஊரில் அலைன்மென்ட் பார்த்தார்கள். மூன்றாவது ஊரில் ஸ்டியரிங் பாக்ஸின் திருகை முடுக்கி, “பிளே போயிடுச்சு, கிளம்புங்க” என்று அனுப்பிவைத்தார்கள். வண்டி இன்னும் இடப்பக்கம்தான் இழுத்தது. போதாக்குறைக்கு இப்போது ஸ்டியரிங்கும் இறுகிப்போய், வளைவில் திருப்பினால் தானாக நேருக்கு வருவதில்லை.

மேஸ்திரி ஸ்பானரை எடுக்கவில்லை. டீ சொல்லிவிட்டுக் கேட்டார்.

“எப்ப இழுக்குது தம்பி? சும்மா ஓடுறப்பவா, பிரேக்குல கால் வச்சாவா?”

“பிரேக் புடிச்சாத்தான்.”

“காலியிலயா, லோடுலயா?”

“ரெண்டுலயும்.”

“வண்டிய எடுத்த உடனேயா?”

ஓட்டுநர் யோசித்தார். யாரும் அதுவரை அவரிடம் கேட்காத கேள்வி அது. “இல்ல மேஸ்திரி. கிளம்பி ஒரு அரை மணி நேரம் கழிச்சுத்தான்.”

மூன்று ஊரிலும் இடப்பக்கத்தையே பிரித்திருந்தார்கள். மேஸ்திரி வலது முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். டிரம்மை இழுத்ததும் கிரீஸ் நெடி முகத்தில் அடித்தது. ஹப்பில் இருக்கும் ஆயில் சீலின் உதடு கிழிந்திருந்தது. ஹப் சூடாகும்வரை கிரீஸ் கெட்டியாக உள்ளேயே கிடக்கும். சூடேறி இளகியதும் கசிந்து லைனரில் படரும். லைனர் வழுக்க ஆரம்பித்ததும் வலது சக்கரம் பிடிக்காது. இடது சக்கரமோ ஒழுங்காகப் பிடிக்கும். ஆகவே வண்டி இடப்பக்கம் ஒதுங்கும். குற்றம் வலது சக்கரத்தில். பழி சுமந்தது இடது சக்கரம். சீலை மாற்றி, லைனரை இரண்டு பக்கமும் சேர்த்தே கட்டினார்கள். ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசுமாக விட்டால் அதே இழுப்பு வேறு வடிவில் திரும்பிவரும்.

உங்களிடம் இந்த மடல் கேட்பது அந்த மேஸ்திரி கேட்டதைத்தான். ‘இழுக்குது’, ‘பிரேக் நிக்கல’, ‘ஸ்டியரிங் டைட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு பட்டறைக்குப் போகாதீர்கள். கால் பிரேக்கில் இருக்கும்போதா, இல்லாதபோதா, சூட்டிலா, குளிர்ந்த வண்டியிலா, எந்த வேகத்தில், எவ்வளவு லோடில் என்பதைச் சேர்த்துக் கொண்டுபோங்கள். மெக்கானிக் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பார். நீங்கள் பத்து நாள் ஓட்டியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நாள் தகவல் உங்கள் தலைக்குள்ளேயே தங்கிவிடுவதால்தான் ஊர் ஊராகப் பாகங்கள் மாறுகின்றன, நோய் மாறுவதில்லை.

ஸ்டியரிங் நோய், பிரேக் நோய் இரண்டையும் பிரிக்கும் முதல் கோடு பிரேக் பெடல்தான். வெறிச்சோடிய சாலையில், பெடலைத் தொடாமல், ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு போகும்போதே இழுத்தால் முதலில் டயரைச் சந்தேகியுங்கள். முன் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவா? ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்ததா? முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறாவிட்டால் அச்சுக்கும் அலைன்மென்டுக்கும் போகலாம். வீல் ஸ்பானரும் ஜாக்கியும் போதும், ஒரு பைசா செலவில்லை. இதைச் செய்யாமலே டை ராடு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சங்கக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

பெடலை மிதித்தால் மட்டுமே இழுக்கிறது என்றால் சக்கரங்களின் சூட்டைப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்து, ஓரங்கட்டி நிறுத்திவிட்டு டிரம்முக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனாலே தெரிந்துவிடும். தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும். துப்பாக்கி மாதிரி நீட்டிச் சூடு பார்க்கும் கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அது இருந்தால் எண்ணாகவே குறித்துக்கொள்ளலாம். மற்றவை எல்லாம் சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலைக்கு வராத சக்கரம். ஒன்று மட்டும் கொதித்தால் அது பிடித்த பிடியை விடாத சக்கரம். எஸ் கேம் புஷ் கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கலாம், ரிட்டர்ன் ஸ்பிரிங் ஓய்ந்திருக்கலாம், காற்றை வெளியே விடும் வால்வு மந்தமாகியிருக்கலாம். எதுவானாலும் கொதிக்கிற டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு விரிசல் விடும். அந்த விரிசல் அடுத்த மலை இறக்கத்தில்தான் வாய் பிளக்கும்.

பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்று வருபவர்கள் உண்டு. பிரேக்கில் மட்டும் உதறினால் பெரும்பாலும் டிரம் வட்டம் கெட்டிருக்கும். லேத்தில் கடைவதா, மாற்றுவதா என்பதை டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச அளவு சொல்லும். பிரேக் பிடிக்காமலே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதறினால் டயர், ரிம், வீல் பேரிங், கிங் பின் என்ற வரிசையில் தேட வேண்டும்.

ஸ்டியரிங் நோய்க்கும் பிரேக் நோய்க்கும் நடுவே ஒன்று இருக்கிறது. பட்டறைகளில் அதிகம் தப்பிவிடுவது இதுதான். லாரியின் முன் அச்சு கமான் பட்டையில் தொங்குகிறது. ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது டிராக் லிங்க் என்னும் ஒரு கம்பி. அதன் நீளம் மாறாது. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் நிற்கப் பார்க்கிறது, லோடு முன்னால் தள்ளுகிறது. பட்டை முறுக்கிக்கொண்டு அச்சு தன் இடத்திலேயே கொஞ்சம் உருளப் பார்க்கிறது. பட்டை பலமாக இருந்தால் உருளல் சிறிது. பட்டை ஓய்ந்து, யூ போல்ட் தளர்ந்து, நடு போல்ட் உடைந்திருந்தால் அச்சு நன்றாகவே நகரும். நீளம் மாறாத டிராக் லிங்க் அந்த நகர்வைச் சக்கரத்தின் திருப்பமாக மாற்றிவிடும். ஓட்டுநர் கையை அசைக்கவில்லை. வண்டி தானாகத் திரும்பும். லைனர் புதுசு, டிரம் புதுசு, காற்று சரி, ஆனாலும் பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் வெட்டுகிறது என்றால், கீழே படுத்து யூ போல்ட் நட்டுகளைப் பாருங்கள். பட்டையும் அச்சும் சேரும் இடத்தில் பளபளவென்று தேய்ந்த தடமோ துருப்பொடியோ தெரிந்தால் அங்கே ஏதோ நகர்கிறது.

இதே போல, ஸ்டியரிங் நோயைப் பிரேக்கை வைத்தே கண்டுபிடிக்கும் வித்தை ஒன்றும் உண்டு. முன் அச்சுக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேலும் கீழும் நெம்புங்கள். ஆட்டம் இருக்கிறது. அது கிங் பின்னின் ஆட்டமா, வீல் பேரிங்கின் ஆட்டமா? கிளீனரிடம் பிரேக் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி நெம்புங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். லைனர் டிரம்மைக் கவ்வியதும் ஹப்பும் ஸ்டப் ஆக்ஸிலும் ஒன்றாகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் மறைகிறது. பிரேக்கில் கால் இருந்தும் ஆட்டம் போகவில்லையென்றால் கிங் பின்னோ அதன் புஷ்ஷோ. புஷ் தட்டி மாற்றுவது ஒரு நாள் வேலை, பேரிங் முடுக்குவது அரை மணி நேர வேலை. எந்த வேலைக்குக் காசு கொடுக்கப்போகிறோம் என்பதை மிதித்த ஒரு பெடல் தீர்த்துவைக்கிறது.

சரி, ஸ்டியரிங்கில் பிளே எவ்வளவு இருக்கலாம்? 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஸ்டியரிங் சக்கரத்தில் வெற்றாட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். 30 டிகிரி என்பது கேட்கச் சின்ன எண். அரை மீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கில் அளந்து பார்த்தால் விளிம்பில் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். அதாவது ஐந்து அங்குலம் திருப்பும்வரை முன்சக்கரத்துக்குச் செய்தியே போகவில்லை! அமெரிக்காவில் கனரக உரிமத்துக்குப் படிப்பவர்களுக்குக் கற்பிப்பது 10 டிகிரி. 20 அங்குல ஸ்டியரிங்கில் ஏறத்தாழ இரண்டு அங்குலம். நம் விதி தாராளமானது. அந்தத் தாராளத்தைத் தாண்டி ஓடும் வண்டிகளும் சாலையில் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். எஃப்.சி.க்குப் போகும் முன் கேபின் முதல் பின்பலகைவரை பெயின்ட் அடித்து, மயிலும் கிளியும் வரைந்து அனுப்புகிற நாம், அந்த நாளில் ஒரு டேப்பை ஸ்டியரிங் விளிம்பில் வைத்துப் பார்த்தால் என்ன? எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. உண்டு. வருடத்துக்கு ஒரு அளவு எழுதி வைத்தாலே தேய்மானம் எந்த வேகத்தில் போகிறது என்று தெரிந்துவிடும்.

அளப்பது எளிது. வண்டியைச் சமதரையில், சக்கரம் நேராக இருக்க நிறுத்துங்கள். பவர் ஸ்டியரிங் வண்டியென்றால் எஞ்சின் ஓட வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்ட, இன்னொருவர் கீழே ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். பாக்ஸுக்குள் போகும் தண்டு திரும்புகிறது, டிராப் ஆர்ம் அசையவில்லை என்றால் ஆட்டம் பாக்ஸுக்குள். டிராப் ஆர்ம் அசைகிறது, டிராக் லிங்க் அசையவில்லை என்றால் அந்தப் பால் ஜாயின்ட். பாக்ஸே சேசிஸில் ஆடுகிறதா என்றும் பாருங்கள். பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்த வண்டிகள் உண்டு. எல்லா மூட்டையும் ஒரே நாளில் மாற்றிக்கொள்ள யாருக்கும் வசதியில்லை. எந்த மூட்டு என்று தெரிந்துவிட்டால் அந்த ஒன்றோடு போகும்.

இந்த வேலையைச் செய்யாமல் பாக்ஸ் திருகை முடுக்குவதுதான் நம் சாலையோரத்தின் பெரிய பாவம். பாக்ஸுக்குள் பற்கள் அதிகம் தேயும் இடம் நடுமையம். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது. மூட்டில் இருக்கும் பிளேயை மறைக்கத் திருகை முடுக்கினால் பாக்ஸ் இறுகும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராது. ஓட்டுநர் நேருக்குக் கொண்டுவரக் கொஞ்சம் அதிகமாகத் திருப்புவார், அது மறுபக்கம் போகும்; வண்டி நெடுஞ்சாலையில் பாம்பு மாதிரி நெளியும். முதலில் சொன்ன ஓட்டுநருக்கு நடந்ததும் இதுதான். பிரேக் சரியான பிறகும் அவர் வண்டி நெளிந்துகொண்டிருந்தது. மேஸ்திரி சக்கரத்தை நேராக வைத்து, திருகைப் பழைய நிலைக்குத் தளர்த்திய பிறகுதான் ஸ்டியரிங் கையில் உயிரோடு திரும்பியது.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்பதற்கும் ஒரு சின்னப் பிரிப்பு உண்டு. முன் அச்சைத் தூக்கிவிட்டுத் திருப்புங்கள். அப்போதும் கனமாக இருந்தால் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டுத் திருப்புங்கள். இப்போது லேசாகிவிட்டால் பாக்ஸ் நல்லது, கிரீஸ் காணாத கிங் பின்னும் அதன் அடியிலுள்ள திரஸ்ட் பேரிங்கும்தான் இறுகியிருக்கின்றன. கழற்றியும் கனமென்றால் பாக்ஸைத் திறக்கலாம். பவர் ஸ்டியரிங்கில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் கனம் என்றால் பம்ப்பையும், பெல்ட்டில் ஓடுகிற பம்ப்பானால் பெல்ட்டையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கனமென்றால் பாக்ஸின் உள்சீல்களையும் வால்வையும். எண்ணெய் நுரைத்திருந்தால் பம்ப்புக்கு வரும் ஹோஸ் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. வடிகட்டியைக் கடைசியாக மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று?

இனி காற்று. 1962-ல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டனும் பிரேக்ஸ் இந்தியாவும் சென்னைப் பாடியில் பிரேக் உதிரிகள் செய்ய ஆரம்பித்து அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. நம் லாரிக்காரர்களுக்குக் காற்று பிரேக் புதிதல்ல. ஆனாலும் காற்று தன் குறையைத் தானே சொல்லும் என்பதை மறந்துவிடுகிறோம். காது கொடுத்தால் போதும்.

டேங்கை முழுக் காற்றுக்கு ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, பட்டறைச் சத்தம் அடங்கிய நேரத்தில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடங்கள். பெடலைத் தொடாதபோதே ‘உஸ்’ என்றால் கசிவு டேங்க், கம்ப்ரசர் பைப், அன்லோடர் வால்வு, கால் வால்வு பக்கம். பெடலை மிதித்தால் மட்டும் ‘உஸ்’ என்றால் கால் வால்வுக்கு அப்பால்: ஏதோ ஒரு சேம்பரின் டயாபிரம் அல்லது அதற்குப் போகும் ஹோஸ். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் மட்டும் சத்தம் வந்தால் பின்பக்க ஸ்பிரிங் சேம்பர். இடத்தைக் குறுக்கிவிட்டு அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து முள்ளைப் பாருங்கள். ஒற்றை வண்டிக்கு ஒரு நிமிடத்தில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது என்பது அமெரிக்க ஓட்டுநர் தேர்வில் வைக்கும் அளவு. அது ஏறத்தாழ 0.2 கிலோ, டாஷ்போர்டு முள்ளில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நகர்வு. முள் கண்ணுக்கு எதிரிலேயே சரிந்தால் அந்த வண்டி மலைக்குப் போகிற வண்டியல்ல.

காலையில் டேங்கின் அடியில் இருக்கும் டிரெயினை இழுத்துவிடுகிற கிளீனர், வெளியே வருவதைப் பார்க்கவும் வேண்டும். தண்ணீர் வந்தால் சரி, அதற்குத்தான் திறப்பது. தண்ணீரோடு கறுப்பு எண்ணெய் வந்தால் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்து எண்ணெய் மேலே ஏறுகிறது. அந்த எண்ணெய் வால்வுகளின் ரப்பரையும் டயாபிரம்மையும் ஊறவைத்துக் கெடுக்கும். டயாபிரம் அடிக்கடி போகிறதே என்று மட்ட ரகச் சரக்கின் மேல் பழி போடுவதற்கு முன், டேங்கில் இருந்து வந்ததை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள்.

உங்கள் வண்டி பழசு என்பதால் அதன் சிலாக் அட்ஜஸ்டர் பெரும்பாலும் கையால் முடுக்குகிற ரகம். லைனர் தேயத் தேயப் புஷ் ராடு நீளமாக வெளியே வர வேண்டியிருக்கும். ‘30’ என்று போட்ட சேம்பரின் டயாபிரம் 30 சதுர அங்குலம். 100 பி.எஸ்.ஐ. காற்று அதன்மேல் 3000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1360 கிலோ அழுத்தத்தைக் கொடுக்கும். ஆனால் அது புஷ் ராடு தன் எல்லைக்கு நன்றாக முன்னாலேயே வேலையை முடித்தால்தான். ராடு தன் எல்லைக்குப் பக்கத்தில் போகப் போக அழுத்தம் சரசரவெனக் குறைந்து, சேம்பரின் சுவரில் முட்டியதும் ஒன்றுமில்லாமல் போகும். இரண்டு முன்சக்கரத்து சிலாக்கிலும் புஷ் ராடு மாட்டியிருக்கும் துளை ஒன்றா என்றும் பாருங்கள். ஒன்றில் முதல் துளை, மற்றதில் இரண்டாம் துளை என்றால் நெம்புகோலின் நீளம் வேறு, பிடிப்பும் வேறு. அந்த இழுப்பை எந்த அலைன்மென்ட் கருவியும் கண்டுபிடிக்காது.

பட்டறையில் நின்ற வண்டி ஏன் மலையில் நிற்பதில்லை என்பதற்கும் புஷ் ராடின் இந்த எல்லையே விடை. டிரம் சூடானால் விரியும். 42 சென்டிமீட்டர் டிரம் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விட்டம் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் பெருக்கும். மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். எஸ் கேம்மும் சிலாக்கும் சேர்ந்து அந்தச் சின்ன இடைவெளியைப் புஷ் ராடில் பல மடங்காகப் பெருக்கிக் கேட்கும். குளிரில் எல்லைக்கு ஓர் அரை அங்குலம் முன்னால் நின்ற ராடு, சூட்டில் சுவரில் முட்டும். அதோடு லைனரும் சூட்டில் வழுக்கத் தொடங்கும். 25 டன் வண்டி நூறு மீட்டர் உயரத்தைப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம்களில் பிறக்கும் வெப்பம், குழாய்த் தண்ணீர் 75 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும்.

தொப்பூர் கணவாயை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சாலையில் 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று, நெரிசலில் நின்ற வாகனங்கள் மீது வரிசையாக மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு. இந்த மடல் யாருக்கும் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நியூட்ரலில் எஞ்சின் பிரேக் இல்லை, எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவாது. எஞ்சின் மெதுவாக ஓடுவதால் கம்ப்ரசர் காற்றைச் சொட்டுச் சொட்டாகத்தான் தரும், காலோ மிதித்து மிதித்துச் செலவழிக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டால் கம்ப்ரசரும் பவர் ஸ்டியரிங் பம்ப்பும் ஒன்றாக நின்றுபோகும். சில எஞ்சின்களில் பம்ப் கம்ப்ரசரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும், ஒரே உயிர். பிரேக்குக்குக் காற்று தேவைப்படுகிற அதே வளைவில் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் திம்பத்தின் 27 வளைவுகளிலும் ஏறி இறங்கிய மூத்த ஓட்டுநர்கள் சொல்வது, ஏறின கியரிலேயே இறங்கு என்று. அவர்கள் மிச்சம் பிடித்த டீசலும் அதிகமில்லை, மாற்றிய டிரம்மும் அதிகமில்லை.

சின்ன டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின்போல் காற்றை அடைக்கும் தட்டு இல்லாததால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தானாகக் கிடைப்பதில்லை. அதற்குத் தனியாக வாக்கம் பம்ப் வேண்டும். பெரும்பாலும் அது டைனமோவின் பின்னால் உட்கார்ந்திருக்கும். ஆகவே பெடல் திடீரென்று கல்லாகிவிட்டால் மாஸ்டர் சிலிண்டரைப் பிரிப்பதற்கு முன் அந்தப் பம்ப்பையும் அதன் ஹோஸையும் பாருங்கள். அமெரிக்கப் பெரிய டீசல் பிக்கப்கள் சிலவற்றில் பவர் ஸ்டியரிங் எண்ணெயே பிரேக்குக்கும் பலம் தருகிறது; அங்கே பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் இறுகுகிறது என்று ஒருவர் சொன்னால் மெக்கானிக் நேராகப் பம்ப்பைத்தான் திறப்பார்.

இவ்வளவும் நீங்களே பார்க்கக் கூடியவை. பார்க்கக் கூடாததும் ஒன்று உண்டு. பின்பக்க ஸ்பிரிங் சேம்பருக்குள் அழுத்தி அடைத்த பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. அதற்கான போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைக் கட்டாமல் கிளாம்ப்பைக் கழற்றினால் அது பீரங்கிக் குண்டு. அதைக் கைப்பழக்கம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். டிரம்மைத் திறந்ததும் ஏர் பைப்பை எடுத்துத் தூசியை ஊதுவதையும் நிறுத்துங்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அந்தத் தூசி நுரையீரலை விட்டு வெளியே வராது. ஈரத்துணி போதும். சக்கரத்துக்குக் கட்டை போடாமல் ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு வண்டிக்கு அடியில் படுப்பவரைப் பற்றி எழுத வேண்டியதே இல்லை.

அந்தப் பட்டறைக்கே திரும்பிப் போகலாம். வேலை முடிந்ததும் மேஸ்திரி கிளீனர் பையனைக் கூப்பிட்டு, ஒரு சாக்குக்கட்டியும் அளவு டேப்பும் கொடுத்தார். கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒவ்வொரு புஷ் ராடிலும் சேம்பரை ஒட்டி ஒரு கோடு போடச் சொன்னார். ஓட்டுநர் மேலே உட்கார்ந்து பெடலை முழுதாக அழுத்தினார். பையன் கீழே ஊர்ந்து ஊர்ந்து கோடு எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று அளந்து, கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினான். ‘முன் வலது ஒண்ணேகால். முன் இடது ஒண்ணேகால். நடு வலது ஒண்ணரை. நடு இடது ஒண்ணரை. பின் வலது ஒண்ணரை. பின் இடது ரெண்டேகால்.’

ஓட்டுநர் இறங்கிவந்து அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, லோடு ஏற்றக் காத்திருந்த புரோக்கரிடம், “அண்ணே, சாயங்காலம் வர்றேன்” என்றார்.